கஞ்சி போட்ட லுங்கி

எங்கள் தெருவில் அம்சாவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. பொதட்டூர்பேட்டையில் எல்லார் வீட்டையும் போல அவள் வீட்டிலும் லுங்கி நெய்யும் பவர்லூம் ஓடுகிறது. அந்தச் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தியே தொண்டை அப்படி ஆகிவிட்டது. ஆனால் தண்ணீர் என்றால் அவள் வேறு ஆள். கிருத்திகைக்குத் திருத்தணி போனால் சரவணப் பொய்கையில் கால்கூட நனைக்கமாட்டாள். மகள் ஷாலினியையும் விடமாட்டாள். சொம்பில் மொண்டு அவள் தலையில் தெளித்து, "போதும், சாமி ஒத்துக்கும்" என்று இழுத்துக்கொண்டு போவாள்.

காரணம் எனக்குத் தெரியும். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது கோடை விடுமுறை முழுக்க ஏரி மதகை ஒட்டிய பள்ளத்தில்தான் கிடப்போம். எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. எதற்குத் தெரியவேண்டும் என்று நினைத்திருந்தோம். வீட்டுக்கு வீடு லுங்கி இருந்ததே! நனைத்து, ஒரு பக்கத்தை முடிந்து, காற்றில் வீசி வாயைப் பிடித்தால் பூசணிக்காய் மாதிரி உப்பும். அதன்மேல் படுத்துக் காலை உதைத்தால் அக்கரை. கஞ்சி போட்ட புது லுங்கி என்றால் காற்று இன்னும் நன்றாக நிற்கும். கஞ்சி கரைந்ததும் துணி சல்லடைதான் என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள்! வெட்கக்கேடு.

அம்சாவின் தம்பி ராஜீவ் அப்படித்தான் நடுப்பள்ளத்தில் அகப்பட்டான். லுங்கி சுருங்கச் சுருங்க, "அக்கா, கைய குடு! கைய குடு!" என்று கத்தினான். ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு வளர்த்த முடி அவன் முகத்தில் ஒட்டிக் கிடந்தது. அம்சா இடுப்பளவு தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். எட்டவில்லை. அவனைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். அன்றிலிருந்து அவன் பேரை அவள் வாயால் நான் கேட்டதில்லை.

போன மே மாதம் ஒரு மதியம். கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்தன. லுங்கிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்த அம்சா சட்டென்று கையை நிறுத்தினாள்.

"தமயந்தி, இங்க மேல ஒண்ணு இருந்துச்சே. ஷாலினி எங்க?"

"பசங்களோட ஏரிப் பக்கமா போய்கினு இருந்துச்சு..."

நான் முடிப்பதற்குள் அவள் தெருமுனையில் இருந்தாள். நானும் ஓடினேன். எனக்கு இன்றைக்கும் நீச்சல் தெரியாது, கத்தத்தான் தெரியும். கத்திக்கொண்டே ஓடினேன். கரை மண் வெயிலில் தகித்தது. அவள் காலில் செருப்பு இல்லை.

ஷாலினி நடுப்பள்ளத்தில் லுங்கிமேல் படுத்திருந்தாள். கரையில் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். லுங்கியைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள். காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

அம்சா கத்தவில்லை. பிள்ளை பயந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, கெஞ்சினாள்.

"கண்ணு, மெதுவா இப்படி வா. லுங்கிய இறுக்கிப் புடிச்சிகினு வா."

அம்மாவைப் பார்த்ததும் ஷாலினி திருதிருவென்று விழித்தாள். லுங்கியை விட்டாள். அப்படியே முங்கிவிட்டாள்.

தலை தெரியவில்லை. லுங்கி மட்டும் தட்டையாக மிதந்தது. அம்சா புடவையோடு குதித்தாள். ஒரு தடவை கை மேலே வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. பாவி நான், மதகைப் பிடித்துக்கொண்டு ஓலமிட்டேன்.

அப்போது அக்கரை ஓரம் ஒரு தலை எழும்பியது. ஷாலினி! அம்மாவுக்குப் பயந்து தண்ணீருக்கு அடியிலேயே நீந்தி அந்தப் பக்கம் போயிருக்கிறாள், கழுதை. நான் கை காட்டிய இடத்தைப் பார்த்தாள். அடுத்த கணம் தவளை மாதிரி பாய்ந்து வந்தாள்.

"அம்மா, கைய குடு! கைய குடும்மா!"

கலங்கிய தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை எழுந்தது. ஷாலினி அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கரையில் நான் அம்சாவின் கொண்டையைப் பற்றி மேலே ஏற்றினேன்.

"எப்படி கத்துகினடி?" என்றேன் ஷாலினியிடம்.

"போன லீவுலயே, அத்தை. அந்த லுங்கி சின்னப் பசங்களுக்கு எடுத்தாந்தது. அம்மா உடமாட்டாங்கன்னுதான் சொல்லல."

அம்சா குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினாள். எழுந்ததும் அடிப்பாள் என்று நினைத்தேன். அவளோ மகளின் கையை விடவே இல்லை.

"ராஜீவும் இதையேதான்டி கேட்டான்" என்றாள்.

ஷாலினி என்னைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள்.

"யாரும்மா ராஜீவ்?"

"உன் மாமாடி" என்றாள் அம்சா. "குந்து, சொல்றேன்."