காதோரம் சொன்னது

வாதம் வந்து, பேச்சும் போய்ப் படுத்துவிட்ட என் அம்மாவைக் குளிப்பாட்ட, செலியமேட்டு வீட்டுக்கு மாதா கோயில் அம்மாள் ஒருவர் தினமும் வருவார். ஒரு வாய்க் காபிகூடக் குடிக்கமாட்டார். எனக்குச் சந்தேகமே அங்கேதான். இந்தக் காலத்தில் சும்மா யார் வருவார்கள்? மதம் மாற்றத்தான் வருகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

குள்ளமான உருவம், வெளுத்துப்போன நீலச் சேலை. வந்ததும் கையில் சுற்றிய ஜெபமாலையைக் கழற்றி எங்கள் ஜன்னல் கம்பியில் மாட்டுவார். கதவைச் சாத்திக்கொள்வார். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் அம்மாவின் காதோரம் ஏதோ முணுமுணுப்பது கேட்கும். ஜெபம்தான் என்று வெளியே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கதவைத் தள்ளினேன். எங்கள் சாமி மாடத்து விபூதியை எடுத்து அம்மாவின் நெற்றியில் பட்டையாக இழுத்துக்கொண்டிருந்தார். தினமும் என் மனைவி பூசுவதாக அல்லவா நினைத்திருந்தேன்!

"இன்னாக்கா பண்றீங்க?"

"குளிப்பாட்னா அழிஞ்சிடுதுல்ல தம்பி. அழிச்சவதான பூசணும்?"

"அப்போ காதுல இன்னா சொல்றீங்க?"

"அத்த ஒங்களாண்ட சொல்ல முடியாது."

அம்மா சிரித்தாள். படுத்த பிறகு என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

அம்மா இப்போது இல்லை. பாகூர் பஸ் ஸ்டாப்பில் அவரைக் கண்டால் நானே வலியப் போய்ப் பேசுகிறேன். ஊர்க்கதை எல்லாம் சொல்வார். அம்மாவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் மட்டும், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறார்.