ஆடாத வண்டி

கல்யாணமாகி மைசூருக்கு வந்தபோது எனக்குத் தனியறை கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிள்தான் கிடைத்தது. ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டே அறை. ஒன்றில் மாமனாரும் மாமியாரும். இன்னொன்றின் குறுக்கே ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் வருஷக்கணக்காகப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த கொழுந்தனார், இந்தப் பக்கம் நாங்கள். புருஷனிடம் தலை வலிக்கிறது என்று சொன்னால் மாமியாரிடமிருந்து பதில் வரும் வீடு அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வண்டியில் நாங்கள் தனி. வீட்டில் வாயே திறக்காத மனிதர், ஊர் தாண்டியதும் பேச ஆரம்பிப்பார். பாதி காற்றோடு போய்விடும். மீதியை அவர் முதுகில் காதை வைத்துக் கேட்பேன். மேல்கோட்டை, ஊட்டி, சொந்தக்காரர்கள் இருந்த மார்டள்ளி என்று எங்கே போனாலும் எனக்கு ஒன்றுதான். எங்கள் குடித்தனம் நடந்ததே அந்த சீட்டில்தான். குழந்தை இல்லை என்ற துக்கத்தையும் அங்கேதான் பேசித் தீர்த்தோம்.

ஒரு வருஷம் தசரா லீவில் கன்னியாகுமரி வரை வண்டியிலேயே போய்வருவது என்று முடிவு செய்தோம். பின்னால் இரண்டு பக்கமும் தகரப் பெட்டி மாட்டினார். மாட்டிய கொஞ்ச நாளில் வண்டி ஆட ஆரம்பித்தது. ஊருக்குள் ஒன்றும் தெரியாது. நேரான ரோட்டில் அறுபதைத் தொட்டு, இவர் கையைத் தளர்த்தி நிம்மதியாக உட்காரும்போதுதான் ஹேண்டில் இடமும் வலமுமாக மெல்ல ஆடும்.

“வண்டி தலையாட்டுது” என்பார்.

“நீங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்ட நான் ஒருத்தி போதாதா?” என்பேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

மண்டி மொஹல்லாவில் எங்கள் வழக்கமான மெக்கானிக் பெட்டிகளைக் கழற்றினார். டயர் மாற்றினார். ஹேண்டில் பேரிங் புதிதாகப் போட்டார். சக்கரத்தின் கோணல் எடுத்தார். ஒவ்வொரு தடவையும் தானே ஒரு சுற்று ஓட்டிவந்து, “ஏனூ இல்ல சார்”, ஒன்றுமே இல்லை என்று கையை விரிப்பார். இவர் ஓட்டினால் மறுபடியும் ஆடும்.

கடைசியில் இவரே பெங்களூருக்குப் போய், பழைய சாமான் கடைகளில் அலைந்து ஒரு ஸ்டீரிங் டேம்பர் வாங்கிவந்தார். முழ நீளம்கூட இல்லாத குழாய், உள்ளே எண்ணெய். ஒரு முனையை வண்டியின் உடம்பிலும் மறு முனையை ஹேண்டிலுக்கு அடியிலும் மாட்டினால், ஹேண்டில் படபடவென்று ஆடாமல் அது அமுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம். அதைத் துணியில் சுற்றி அவர் உள்ளே கொண்டுவந்த பவிசைப் பார்த்து, எனக்கு நகைதான் வந்துவிட்டது என்று நினைத்து மாமியார் முகம் கறுத்துவிட்டது.

எங்கள் வண்டிக்கென்று செய்த சாமான் இல்லை அது. லேத்தில் கொடுத்து அதற்கு ஒரு பிடிப்பு செய்து மாட்டினார்கள். பெட்டிகளையும் திரும்ப மாட்டி, என்னையும் ஏற்றி, நஞ்சன்கூடு ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. மெக்கானிக் தன் ஸ்கூட்டரில் பக்கத்திலேயே வந்தார்.

என் கன்னடத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நான் திருச்சிக்காரி. வந்த புதிதில் மாமியார், “சாம்பார் நல்லா இருக்கு, அல்வா?” என்று கேட்டபோது, கன்னடத்தில் ‘இல்லையா’ என்கிறார் என்று தெரியாமல் அல்வா எங்கே என்று பார்த்தவள். வருஷங்கள் போயும் அவசரத்துக்கு என் காது தமிழில்தான் கேட்கும்.

வண்டி சீராகப் போனது. ஆட்டம் இருந்தது, ஆனால் முன்பைப் போல இல்லை. மெக்கானிக் ஸ்கூட்டரை நெருக்கி ஓட்டி, “கை பிடி சார், கை பிடி” என்று கத்தினார். கன்னடத்தில் அதற்குக் கையை விடுங்கள் என்று அர்த்தம். ஹேண்டிலை விட்டால் வண்டி தானாக நேரே போகிறதா என்று பார்க்கச் சொல்கிறார். மைசூரிலேயே பிறந்த இவர் கையை விட்டார். எனக்கு அது பிடித்துக்கொள் என்று கேட்டது. என்னவோ ஆகப்போகிறது என்று பயந்து, அவர் தொடைமேல் வைத்த இடது கையை எட்டி இறுகப் பிடித்துக்கொண்டேன்.

யாரும் தொடாத ஹேண்டில் ஆடவே இல்லை. வண்டி நூல் பிடித்த மாதிரி நேரே போனது. என் கைக்குள் அவர் கைதான் ஆடிக்கொண்டிருந்தது.

மெக்கானிக்குக் கொள்ளைச் சந்தோஷம். டேம்பர்தான் சரிசெய்துவிட்டது என்று சொல்லிக் கடைக்குத் திரும்பிப் போனார். நாங்கள் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம்.

“வண்டிக்கு ஒண்ணுமில்ல. உங்க கைதான் ஆடுது” என்றேன்.

“தெரியும். ஆபீஸ்ல கையெழுத்தும் சின்னதாயிட்டே வருது” என்றார்.

“தெரிஞ்சா எதுக்கு இத்தனையும் மாத்தினீங்க?”

“வண்டியில ஏதாவது இருந்தா சரி பண்ணிடலாம் அல்வா” என்றார்.

ரோட்டோரம் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

நரம்பு டாக்டர் அவர் கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். சும்மா வைத்திருந்தால் ஆடியது. பேனாவைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னால் அடங்கியது. மாத்திரையால் அடக்கி வைக்கலாம், போக்க முடியாது, இனி வண்டி ஓட்டக்கூடாது என்றார். “கன்னியாகுமரி மட்டும் போயிட்டு வந்துடறேன் சார்” என்று இவர் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். இவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டிலேயே. இவர் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் காபியை வைப்பேன். சொல்ல எவ்வளவோ இருக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் கொழுந்தனார் புத்தகம் புரட்டும் சத்தம் கேட்கும். எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டே நான் அவருக்காக ஏங்கினேன்.

தசராவுக்கு முன்பே வண்டியை வாங்கக் குடகிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள். நஞ்சன்கூடு பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், குனிந்து அந்த டேம்பரைத் தட்டிப் பார்த்தார்.

“வண்டி துளிகூட ஆடலையே சார். இதை எதுக்கு மாட்டினீங்க?” என்று கன்னடத்தில் கேட்டார்.

இவர் இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். மாமனார், மாமியார், கொழுந்தனார் எல்லோரும் வாசலில் நின்றிருந்தார்கள். நோயைப் பற்றி அவர்களிடம் அதுவரை நாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

“இவளுக்குப் பயம். பின்னாடி உக்காந்தா நடுங்குவா” என்றார். “அதனாலதான் விக்கறேன்.”

அவர் பின்னால் உட்கார்ந்து நான் ஒரு நாளும் பயந்ததில்லை. வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஆமாங்க” என்றேன். “நடுக்கம் எனக்குத்தான்.”