பதுளைக்குப் போன மண்

என் அப்பா காலத்தில் விவசாய விஞ்ஞானம் என்றால் ஒரு உரமூட்டைதான். செடி வாடினால் ஒரு பிடி போடு, அப்படியும் வாடினால் இன்னொரு பிடி போடு. பிறகு உரம் கிடைக்காமல் போன வருடத்தில் எல்லோரும் திடீரென்று குப்பைக்குழியின் அருமையைப் பேசினார்கள். இப்போதோ மண்ணைப் பரிசோதிக்காமல் எதையும் போடக்கூடாதாம்.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. அதில் போட்ட போஞ்சிக்கொடி இரண்டு போகமும் மஞ்சளாகிக் கருகிவிட்டது. "அடுத்த தடவையும் இப்படின்னா அங்க கோழிக்கூடு கட்டிடுவேன்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கோழியைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதோடு, என் இடம் என்று சொல்ல எனக்கு அந்தத் துண்டை விட்டால் வேறு எதுவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் விவசாயப் போதனாசிரியர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயது. லயத்தில் வீட்டுக்கு ஒரு பை கொடுத்து, அவரவர் நிலத்து மண்ணை எடுத்து வைக்கச் சொன்னார். பதுளையில் பரிசோதித்து, குறைக்கு ஏற்றதை இலவசமாகத் தருவார்களாம்.

ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால்கூடக் குளித்து, நல்ல சேலை கட்டித்தான் போகிறோம். மண் மட்டும் கல்லும் வேருமாக டவுனுக்குப் போகலாமா? பக்கத்து வீட்டு அக்காவின் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நல்ல கறுப்பு மண்ணாகப் பார்த்து அள்ளி, மாச்சல்லடையில் சலித்துக் கொடுத்தேன்.

அடுத்த முறை வந்தபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, உங்கட மண்ணில ஒரு குறையும் இல்லை. ஒண்டும் போடத் தேவையில்லை."

கருகிய போஞ்சியைக் காட்டினேன். நெற்றியைச் சொறிந்தார். "மண்ணில பிழை இல்லையெண்டா, வளக்கிற ஆளிலதான் பிழை."

என் வீட்டுக்காரர் அங்கேயே காலடி வைத்துக் கோழிக்கூட்டுக்கு இடம் அளக்கத் தொடங்கினார். எனக்கு வந்ததே கோபம்.

"அது எங்க மண்ணே இல்லைங்க. இந்த அக்கா வீட்டு மாட்டுக்கொட்டாய் ஓரத்துல அள்ளுனது. எங்க மண்ணு ஒண்ணுத்துக்கும் உதவாது."

கூடியிருந்த லயத்துக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். கடைசி வீட்டுக்காரி மெதுவாக, "நாங்களும் அங்கதாங்க எடுத்தோம்" என்றாள். அப்புறம் ஒவ்வொரு வீடாக அதையே சொன்னது.

மாட்டுக்கார அக்கா இடுப்பில் கை வைத்தாள். "அதான் அங்க அவ்வளவு பெரிய பள்ளமா? நான் காட்டுப்பன்னின்னுல்ல நெனச்சேன்."

"அப்ப நான் இவ்வளவு நாளும் பரிசோதிச்சது இவவின்ர மாட்டுக்கொட்டிலையோ?" என்று அவர் பரிதாபமாகக் கேட்டார்.

"ஆமாங்க" என்றோம்.

இரண்டாம் முறை எங்களை நம்பாமல் அவரே மண்வெட்டி பிடித்தார். முடிவு வந்தது. கடுமையான புளிப்பு மண். லயத்திலேயே என்னுடையதுதான் மோசம். புளிப்பை முறிக்கிற டொலமைட் சுண்ணாம்பு மூட்டையும் வந்தது. வீட்டுக்காரர் கோழியைப் பற்றி மூச்சு விடாமல் அதைத் தோளில் தூக்கிப் போய்ப் பாத்தி ஓரத்தில் இறக்கினார்.

அன்று தண்ணீர்க் குழாயடிக்கு வந்த ஒருத்தியையும் நான் விடவில்லை. "எங்க மண்ணுதான் ரொம்ப மோசமாம், ஆபீசரே சொல்லிட்டாரு" என்று சொல்லும்போதே, சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.