சத்தத்துக்குள் பாடிய ஆச்சி

என் மகளின் வளைகாப்புக்கு அழைக்கப் புளியறைக்குப் போயிருந்தபோது சம்பந்தியம்மாள் என்னிடம் ஒன்று கேட்டார்கள். வளையல் அடுக்கி முடித்ததும் பெண்ணைப் பெற்றவள் ஒரு பாட்டுப் பாட வேண்டுமாம். அது அவர்கள் வீட்டு வழக்கம். எந்தப் பாட்டாகவும் இருக்கலாம், ஆனால் என் ஆச்சியின் பாட்டாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். ஆச்சி என்றால் என் அம்மாவைப் பெற்றவள்.

"ஒங்க ஆச்சி எங்க ஊர்ல பொறந்தவியதான மதினி. அவிய நாத்து நட எறங்கினா பக்கத்து வயக்காரங்க வேலையப் போட்டுட்டு நிப்பாவளாம். எங்க அம்மை சாகுற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தா."

நான் சிரித்தேன். ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவர்கள் ஆகட்டும் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

வேனில் திரும்பி வரும்போது செங்கோட்டை தாண்டியதும் என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "கடையில மல்லி இருக்கான்னு கேக்கக்கூட என்னையத்தான அனுப்புவ. நீ சபையில பாடப்போறியா?" என்றார். கேலிதான். ஆனால் பொய் இல்லை. நான் தென்காசியில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். வாங்க வருகிறவர்கள் தூக்குவாளியை நீட்டுவார்கள், ஊற்றிக் கொடுப்பேன். அதற்குப் பேச்சு வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அந்த ஆச்சியின் பேத்தி என்பதற்காகவே என்னைக் கடவுள் வாழ்த்துப் பாட முன்னால் நிறுத்துவார்கள். நான் வாயை மட்டும் அசைப்பேன். பின்னால் நிற்கும் பிள்ளைகள் பாடுவார்கள்.

கூச்சம் ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய சிக்கல் வேறு. ஆச்சி நன்றாகப் பாடுவாள் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஆச்சியின் பாட்டை முழுதாகக் கேட்டவர்கள் ஒருவர்கூட இல்லை.

ஆச்சி தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில், பெண்பிள்ளைச் சத்தம் வாசல்படியைத் தாண்டக் கூடாது. ஆச்சியின் மாமியார் அதில் கண்டிப்பு. ஆச்சி எதிர்த்துப் பேசவில்லை. தன் சத்தத்தைவிடப் பெரிய சத்தம் இருக்கிற இடமாகப் பார்த்துப் பாடினாள். ஆட்டுரல் சுற்றும்போது பாடினாள். நெல் அரைக்க மில்லுக்குப் போனால் எந்திரத்தின் பட்டை ஓடும் இரைச்சலுக்குள் பாடினாள். சாரல் காலத்தில் தென்காசிப் பெரிய கோயில் கோபுர வாசலில் ஆளைத் தள்ளுகிற காற்று அடிக்கும்போது, அதற்குள் நின்று பாடினாள். குற்றாலத்துக்குப் போனால் அருவிக்கு அடியில் பாடினாள். கூட இருந்த பிள்ளைகளுக்கு அங்கொரு சொல்லும் இங்கொரு இழுப்புமாகக் காதில் விழுந்தது. விழுந்தது அவ்வளவுதான்.

இதை எனக்குச் சொன்னது சித்தி, அதாவது அம்மாவின் தங்கை. அம்மா இதையே ஒத்துக்கொள்ள மாட்டாள். யாருக்கும் பயந்து ஆச்சி சத்தத்துக்குள் ஒளிந்து பாடவில்லை, வேலை செய்யும்போதுதான் அவளுக்குப் பாட்டு வரும், வேலை என்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும் என்பாள். இரண்டு பேரும் சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. எது நடந்தது என்றுதான் தெரியவில்லை.

ஆச்சிக்குச் சுரம் தெரிந்த காது இருந்தது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. பாத்திரக் கடைக்குப் போனால் பித்தளைச் செம்பை விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பாளாம். கனத்தைப் பார்க்க மாட்டாள், பளபளப்பைப் பார்க்க மாட்டாள். ஒன்று மாற்றி ஒன்று தட்டிக்கொண்டே போய், ஏதோ ஒன்றில் நிறுத்தி, இது போதும் என்பாள். கடைக்காரர் அடியில் சொட்டை இருக்கிறது என்று சொன்னாலும் அதைத்தான் வாங்குவாள். அதனால் எங்கள் வீட்டில் நெளிந்த செம்புகள் நிறைய.

வளைகாப்புக்கு நாள் நெருங்கியது. முதலில் அம்மாவிடம் கேட்டேன். அம்மா கேட்டது ஆட்டுரல் பக்கத்தில். ஆச்சி மாவு ஆட்டும்போது அவள் முதுகில் காதை வைத்துச் சாய்ந்துகொள்வாளாம். வெளியே கல்லின் சத்தம், முதுகுக்குள்ளே பாட்டு. தொட்டிலில் சித்தி கிடப்பாள். அது தாலாட்டு, சந்தேகமே வேண்டாம் என்றாள். ஒரு வரி பாடியும் காட்டினாள்.

"சாரலோட வந்தவளே, சந்தனமே கண்ணுறங்கு."

அடுத்த வரி என்ன என்று கேட்டேன். அடுத்த வரிக்கு மாவு தள்ளக் குனிந்துவிடுவாள், கேட்காது என்றாள்.

சித்தி குற்றாலத்தில் இருக்கிறாள். போனில் அவளிடம் கேட்டபோது சிரித்து ஓய்ந்தபின் சொன்னாள்: "தாலாட்டா? ஒங்க அம்மைக்குக் கூறு கிடையாது. அது எங்கப்பாத்தாள ஏசுற பாட்டுலா. அதுக்குத்தான அருவிக்குள்ள போய்ப் பாடுனா." அப்பாத்தாள் என்பது ஆச்சியின் மாமியார். சித்தி பாடிக் காட்டிய வரி இது.

"அகப்பையால அளக்கையிலே அரைவயிறு நெறஞ்சதம்மா."

மருமகளுக்கு அகப்பையால் அளந்து சோறு போட்ட மாமியாரைப் பற்றிய வரி. ராகம் அம்மா சொன்ன அதே ராகம். வளைகாப்பில் என் முன்னால் உட்காரப்போவது என் மகளின் மாமியார். அவர்களே கேட்டு வாங்கிய பாட்டில் மாமியாரை ஏசினால், என் மகள் அந்த வீட்டில் எப்படி இருப்பாள்?

மாமா வாசுதேவநல்லூரில் இருக்கிறார். அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டால் அவர் என்னைக் கேட்பார். யார் சொன்னது, எப்போது சொன்னாள், அப்போது பக்கத்தில் யார் இருந்தது என்று விசாரித்துவிட்டு, இரண்டு பேரும் சொல்வது தப்பு, அது அம்மன் பாட்டு என்று முடித்தார். அவர் கேட்டது மில்லில். வார்த்தை ஒன்றும் புரியவில்லையாம். ஆனால் ஒவ்வொரு வரியும் அம்மா, அம்மா என்று முடிந்ததாம். வரிக்கு வரி அம்மா என்று முடித்தால் அம்மன் பாட்டு இல்லாமல் என்ன? ராகத்தை மட்டும் போனில் முனகிக் காட்டினார். அதுவும் அதே ராகம்தான். முடிவில் மட்டும் அம்மாவும் சித்தியும் சொல்லாத ஒரு ஏற்றம் இருந்தது.

இப்போது என் கையில் ஒரு தாலாட்டு வரி, ஒரு ஏசல் வரி, வார்த்தை இல்லாத ஒரு முடிவு. எனக்கென்று சொந்தமாக இருந்தது ஒரு காட்சி மட்டும்தான். நான் சிறு பெண்ணாக இருந்தபோது ஐந்தருவியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆச்சிக்குப் பக்கத்தில் நின்றேன். தண்ணீருக்குள் அவள் உதடு அசைந்தது. பாடினாளா, குளிரில் பல் தந்தியடித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கரையேறியதும் கேட்டிருக்கலாம். அப்போதும் எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

அருவியில் நின்றால்தான் தனக்கு முழுப் பாட்டும் ஞாபகத்துக்கு வரும், வா என்று சித்தி கூப்பிட்டாள். ஆனி மாதம், ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. அம்மாவும் வந்தாள். முட்டு வலி என்று குளிக்க மறுத்துவிட்டு, எங்கள் மாற்றுச் சேலைகளை மடியில் வைத்துக்கொண்டு திட்டில் உட்கார்ந்தாள். பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். பெண் போலீஸ் விசில் ஊதி ஊதி ஆட்களை நகர்த்திக்கொண்டிருந்தார். சித்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். தலையில் தண்ணீர் அறைந்ததும் எனக்கு மூச்சு நின்று வந்தது. சித்தியின் உதடு அசைந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன், தண்ணீர்தான் கேட்டது. அவள் முதுகில் கை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ அதிர்ந்தது. அது அருவியின் அதிர்வாகவும் இருக்கலாம்.

வெளியே வந்ததும் சித்தி, "கேட்டுச்சா?" என்றாள்.

"இல்ல சித்தி."

"எனக்கும் கேக்கல. ஆனா முழுசா வந்திட்டு." என்ன வார்த்தை என்று கேட்டதற்கு, தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தாள். தண்ணீரை விட்டு வந்ததும் போய்விட்டது என்றாள்.

நான் மறுபடி தனியாக உள்ளே போனேன். ஏன் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, அந்த ராகத்தைச் சத்தமாகப் பாடினேன். பாடினேன் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் தோளைத் தொட்டு, ரொம்பக் குளிருகிறதா, வெளியே போய்விடுங்கள் என்று சைகை காட்டினாள்.

திட்டில் அம்மாவும் சித்தியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா சொன்னாள், "ஏட்டி, ஒனக்குப் பாடுன தாலாட்டு அது. தொட்டில்ல கெடந்த ஒனக்கு என்ன தெரியும்?" சித்தி விடவில்லை. "எக்கா, தொட்டில்ல கெடந்தது ரெண்டு வருசம். அவ கூட அருவிக்கு வந்தது எத்தன வருசம்?" சித்தி குற்றாலத்தில் இறங்கும் வரை இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். என்னை நடுவில் உட்கார வைத்துத்தான் பஸ்ஸில் வந்தார்கள்.

வளைகாப்பு அன்று அம்மாவின் வரியை மட்டும் பாடுவது என்று முடிவு செய்தேன். அதையே இரண்டு மூன்று முறை திருப்பிப் பாடி நிறுத்திவிடலாம். தாலாட்டு என்றால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. ஏசல் வரியைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம் என்று சித்தியிடம் கேட்டுக்கொண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதாக அவளும் சொன்னாள்.

மகளை மணையில் உட்கார வைத்து, சந்தனம் பூசி, வளையல் அடுக்கினோம். புளியறையில் இருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். வளையல் சத்தமும் பேச்சுச் சத்தமுமாக வீடு நிறைந்திருந்தது. அந்தச் சத்தத்தோடு சத்தமாக ஒரு வரி பாடி முடித்துவிடலாம் என்ற தைரியத்தில் எழுந்தேன். சம்பந்தியம்மாள் கையைத் தூக்கி எல்லோரையும் அமர்த்தினார்கள். குழந்தைகளை வெளியே அனுப்பினார்கள். கரகரவென்று ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக்கூட அணைக்கச் சொன்னார்கள். அப்படி ஒரு அமைதியை எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை. ஆச்சி இருந்திருந்தால் இந்த இடத்தில் பாடியிருப்பாளா?

மகள் என்னையே பார்த்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே தொடங்கினேன். சாரலோட வந்தவளே. குரல் நடுங்கினாலும் வந்தது. சந்தனமே கண்ணுறங்கு. வந்தது. திருப்பி அதையே பாட வேண்டும் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். அகப்பையால அளக்கையிலே என்று வந்துவிட்டது. நிறுத்தத் தெரியவில்லை. அரைவயிறு நெறஞ்சதம்மா என்று முடித்தேன். அதற்கு மேலும் ஏதோ பாடினேன். கடைசியில் மாமா முனகிக் காட்டிய ஏற்றத்தில் போய் நின்றேன்.

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மாளின் முகத்தில் இருந்தது கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

"மதினி, இது என்ன பாட்டு? தாலாட்டா, மாமியாள ஏசுறதா?" என்று கேட்டார்கள்.

"தெரியல மதினி," என்றேன். "எங்க வீட்டுல யாருக்கும் தெரியல."

தாலாட்டுதான் என்றாள் அம்மா. சித்தி கையை எடுத்துவிட்டு, ஏசல் என்றாள். வாசலில் ஆண்களோடு நாற்காலியில் இருந்த மாமா, அம்மன் பாட்டு என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

சம்பந்தியம்மாள் மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். "எங்க மாமியா அகப்பையத் தொடவே விட மாட்டா. கையால அள்ளி வைப்பா, அவ கையும் சின்னக் கை," என்றார்கள். புளியறைக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு என் மகளின் கன்னத்தில் இருந்த சந்தனத்தைச் சரிசெய்துகொண்டே, "இன்னொருக்காப் பாடுங்க மதினி. இவ படிச்சுக்கிடட்டும். நாளைக்கு என்னைய ஏச இவளுக்கும் ஒரு பாட்டு வேணும்லா," என்றார்கள்.

இரண்டாவது முறை பாடினேன். ஆனால் முதல் முறை பாடியதுபோல அது வரவில்லை. அகப்பை முன்னால் வந்தது, சந்தனம் பின்னால் போனது. அம்மா தப்பு, தப்பு என்று தலையை ஆட்டினாள். சித்தி, இதுதான், இப்படித்தான் என்றாள். முடிக்கும்போது ஏற்றமும் தவறிவிட்டது.

மின்விசிறியைப் போட்டார்கள். பேச்சு மறுபடி தொடங்கியது. என் மகள் கை நிறைய வளையலோடு, மெல்லிய குரலில் அந்தப் பாட்டைச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் குனிந்து கேட்டேன். முதல் வரி சரி. அகப்பை சரி. அதற்குப் பிறகு, அருவிக்கரையில் யாரோ யாருக்கோ காத்து நிற்பதாக ஒரு வரி வந்தது. நான் அதைக் கேட்டதே இல்லை.

"இது எங்கேருந்துட்டி வந்தது?" என்றேன்.

"நீதானம்மா பாடுன. மொதத் தடவ."

நான் அம்மாவைப் பார்த்தேன். ஆமாம், பாடினாய் என்றாள் அம்மா. சித்தி இல்லவே இல்லை என்றாள்.