சித்தப்பாவுக்காக நான் கேட்ட லீவு

புல்லுக்கு இவ்வளவு மரியாதை உண்டென்று எனக்குத் தெரிந்ததே சித்தப்பாவால்தான். துபாயில் ஒரு கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டும் வேலை அவருக்கு. தங்கியிருந்தது தொழிலாளர் கேம்ப்பில். வெள்ளிக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் எங்களோடு ஃபிளாட்டுக்கு வந்து, அம்மா வைத்த மீன்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு டிவி முன்னால் உட்காருவார்.

ஜனவரி என்றால், பசிபிக் கடலில் எங்கோ ஒரு தீவில் நடக்கும் கோல்ஃப் போட்டிதான் ஓடும். அதன் சரித்திரம் முழுக்க அவருக்கு அத்துப்படி. எந்த வருஷம் காற்று பந்தைப் புதருக்குள் தள்ளியது, எந்த வருஷம் இரண்டு பேர் சமமாக முடித்து இருட்டும்வரை மல்லுக்கட்டினார்கள் என்று கதைகதையாக வரும்.

"ஊருல பொண்டாட்டிக்க பிறந்தநாளு ஞாபகமில்ல, இது மட்டும் நல்லா நிக்குது" என்று அம்மா குத்துவாள்.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு ஜனவரியைக்கூட அவர் தவறவிட்டதில்லை. எப்படித் தவறவிடுவது? தீவுப் போட்டி முடிந்த கையோடு அவர்கள் கிளப்பிலும் பெரிய போட்டி வரும். அது முடியும்வரை புல் வெட்டுகிற ஒருவருக்கும் லீவு கிடையாது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், சித்தப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மக்களே, நீ நல்லா இங்கிலீசு பேசுவல்லா? ஊருல மோளுக்குப் புதுநன்மை, கோயில்ல முதல்தடவையா அப்பம் வாங்கப்போறா. மேனேஜர்ட்ட போன் போட்டுப் பத்து நாளு லீவு கேட்டுத் தா. நான் பேசினா எஸ் சார், நோ சாரோட நின்னுரும்."

எங்கள் கட்டடத்தில் இது சகஜம். வாடகைத் தகராறு முதல் ஏசி ரிப்பேர் வரை பிள்ளைகள்தான் போனில் பேசுவோம்.

மேனேஜர் வெள்ளைக்காரர், நல்ல மனுஷன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஓர் ஆள் இல்லாவிட்டால் சமாளித்துக்கொள்ளலாம் என்கிற மாதிரிதான் பேசினார். அதோடு போனை வைத்திருக்கலாம். நான் எங்கே வைத்தேன்! சித்தப்பாவின் அருமை தெரியாத மனுஷனாக இருக்கிறாரே என்று, தீவுப் போட்டியின் கதையை அவர் வருஷவாரியாகச் சொல்வார், கோல்ஃப் என்றால் அவருக்கு உயிர் என்றெல்லாம் அளந்துவிட்டேன்.

மேனேஜர் உருகிப்போனார். இப்பேர்ப்பட்ட ரசிகரைப் போட்டி நேரத்தில் ஊருக்கு அனுப்புவது பாவமாம். கடைசி நாள், கடைசிக் குழியருகே, தொப்பியும் பேட்ஜும் கொடுத்து அவரை நிற்கவைப்பாராம். லீவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம்.

நான் சோபாவில் ஏறிக் குதித்தேன். "சித்தப்பா, டிவியில வரப்போறீங்க!"

"அப்போ லீவு?"

"அது கேன்சல்! இது அதைவிடப் பெருசு!"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தப்பா கையமர்த்தினார். "எனக்க பிள்ள கேட்டு வாங்கித் தந்ததாக்கும்" என்று என் தலையைத் தடவினார். மீதிப் போட்டியைக்கூடப் பார்க்காமல் கேம்ப்புக்குக் கிளம்பினார். சந்தோஷம் தாங்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டியின் கடைசி நாள் சாயங்காலம் எல்லோரும் டிவி முன்னால் இருந்தோம்.

"இந்நேரம் ஊருல பிள்ளைய புதுநன்மைக்குக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போயிருப்பாவ" என்றாள் அம்மா.

அப்போதுதான் திரையில் சித்தப்பா வந்தார். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் பேட்ஜ். சுற்றியிருந்த கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு, குழியை நோக்கி உருளும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சித்தப்பா மட்டும் மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தார்.

பந்து உருள எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கெடுப்பதுதான் சித்தப்பாவின் வேலை என்று பக்கத்திலிருந்த தம்பிக்கு விளக்கினேன்.