மேற்கோளில் வாழ்ந்த சிர்பா

கொச்சபம்பா நகரச் சந்தையில் கடலை சூப் விற்ற தியோதோசியா சிர்பாவுக்கு ஒரே மகள், நெலிதா. பிள்ளை தத்தக்கா பித்தக்கா என்று நடக்கும்போதே தகப்பன் அரந்தியா வேலை தேடி சாந்தா க்ரூஸ் போனவன், அங்கே வேறு குடும்பம் சேர்த்துக்கொண்டான். அவன் விட்டுப்போனது பெயர் மட்டும்தான். நெலிதா அரந்தியா சிர்பா. அந்த நாட்டு வழக்கப்படி தன் பெயருக்குப் பின் முதலில் தகப்பன் பெயர், கடைசியில் தாய் பெயர்; ஆளைக் குறிப்பது தகப்பன் பெயரால்தான்.

பள்ளியில் அந்தக் கடைசிப் பெயரைச் சொல்லிக் கேலி செய்தார்கள், மலைக்காரி மகள் என்று. நெலிதா அதை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிக்கொண்டாள். தியோதோசியா கவனிக்காமல் இல்லை. ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மண்சுவர் விரிசலில் ஒளிந்திருக்கும் விஞ்சூகாப் பூச்சி தூக்கத்தில் கடிக்கும். அது தரும் நோய் பல வருஷம் உடம்பில் சத்தமில்லாமல் கிடந்து, பிறகு இதயத்தை வீங்கவைக்கும். பல்கலைக்கழகத்தில் நெலிதா அந்த நோயைத்தான் எடுத்துக்கொண்டாள். மருந்தடித்த வீட்டுக்குப் பூச்சி எங்கிருந்து திரும்பி வருகிறது என்று ஊர் ஊராகக் கோழிக்கூடுகளைக் கிளறி அவள் எழுதிய கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. முழுப் பெயர் கேட்டார்கள், கொடுத்தாள். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடைசியில் நிற்பதுதான் குடும்பப் பெயர். பிரேசிலிலும் ஜப்பானிலும் கட்டுரையை மேற்கோளாக எடுத்தாண்டவர்கள் எல்லோரும் 'சிர்பா' என்றே குறித்தார்கள்.

ஒருவர் எழுத்தைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணித்தான் பதவி தருவார்கள். பேராசிரியர் பதவிக்கு அவள் விண்ணப்பித்தபோது தேர்வுக் குழுத் தலைவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அரந்தியா பேர்ல மேற்கோள் ஒண்ணும் பெருசா இல்லையே, டாக்டர்."

"சிர்பாவும் நான்தான் சார்."

"நீங்க சொல்றீங்க. கம்ப்யூட்டர் ரெண்டு ஆளுன்னு சொல்லுதே."

பதவி வேறொருவருக்குப் போனது. இரண்டு பெயரையும் அரந்தியாவின் கீழ் ஒன்றாக்கச் சொல்லி, மேற்கோள் கணக்கு வைக்கும் நிறுவனத்துக்கு எழுதிப்போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து புலம்பினாள். தியோதோசியா உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தினாள். "அப்போ, உலகம் பூரா என் பேரையா சொல்றாங்க?"

"ஆமாம்மா. அதுதான் தொல்லையே."

"சூப்புல உப்பு கம்மின்னு சண்டை போடத்தான் இதுவரைக்கும் என் பேரச் சொல்லிருக்காங்க," என்று சிரித்தாள் அம்மா.

மறுநாள் பக்கத்துக் கடை பெனிதாவிடமும் சொல்லியிருக்கிறாள். "ஜப்பான்லயா? அங்க யாருக்கு அக்கா சூப்பு ஊத்துனே?" என்றாளாம் பெனிதா.

அந்தக் குளிர்காலத்தில் தியோதோசியா கடையிலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பாவாடையை விலக்கியபோது கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. எக்ஸ்ரே படத்தில் இதயம் நெஞ்சுக்கூட்டை அடைத்துக்கொண்டிருந்தது. எத்தனையோ கிராமத்து ஜனங்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்த நெலிதா, பெற்றவள் விரலில் ஒருநாளும் ஊசி குத்தியதில்லை.

"எப்பலேர்ந்தும்மா மூச்சு வாங்குது?"

"ரெண்டு மழைக்காலமா."

"ஏம்மா சொல்லல?"

"ஊர் ஊரா இந்தச் சீக்குப் பின்னாடியே அலையுற. வீட்டுக்கு வந்தும் அதேதானான்னு விட்டுட்டேன்."

மருந்து கேட்கும் காலம் தாண்டியிருந்தது. மழை பிடிக்கும் முன்னே தியோதோசியா போய்ச் சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்து சில வாரத்தில் நிறுவனத்தின் பதில் வந்தது. கோரிக்கைப்படி 'சிர்பா' என்ற பதிவை நீக்கி, மேற்கோள்கள் அனைத்தையும் அரந்தியாவிடம் சேர்த்துவிட்டார்களாம். அடுத்த முறை பதவி தானாக வந்தது. பேராசிரியர் அரந்தியா என்று செய்தித்தாள் படம் போட்டது. அதைப் பார்த்து சாந்தா க்ரூஸிலிருந்து ஒரு கிழட்டுக் குரல் தொலைபேசியில் வந்தது. "நம்ம பேரக் காப்பாத்திட்டே மகளே."

நெலிதா தொலைபேசியை வைத்துவிட்டாள். சிர்பா பதிவைப் பழையபடி மாற்றித் தரும்படி நிறுவனத்துக்கு மறுபடி எழுதினாள். ஒருமுறை சேர்த்ததைப் பிரிக்க வழியில்லை என்றார்கள்.

பிறகு அவள் சந்தைக்குப் போய், அங்கே உட்கார்ந்து விற்கும் பெண்களின் ரத்தத்தைச் சோதித்தாள். பெனிதாவுக்கும் நோய் இருந்தது. ஆனால் இதயத்தை இன்னும் தொடவில்லை, மருந்து கொடுக்க முடிந்தது. அந்த ஆய்வை எழுதி, 'நெலிதா சிர்பா' என்று மட்டும் பெயர் போட்டாள்.

"பழைய கணக்கு எதுவும் இதுல சேராது, நெலிதா. புது ஆளு மாதிரி முதல்லேர்ந்து தொடங்கணும்," என்றார் கூட வேலை செய்த வில்லெகாஸ்.

"தெரியும் வில்லெகாஸ். அனுப்பிடுங்க."

கட்டுரை உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் வந்தது. இன்றுவரை அதை யாரும் எடுத்தாளவில்லை.