கேட்டரிங் ஆள் செய்த சீஸ் கிழங்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டில் சீஸ் கிழங்கு செய்வது நான்தான். இந்த அறுபத்தாறு வயதில், நடவு நடக்கிற நாளாக இருந்தாலும், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கை வட்டம் வட்டமாக நறுக்க உட்கார்ந்துவிடுகிறேன். என் மனைவி அந்தப் பக்கமே வருவதில்லை. "உங்க புள்ள விட்டுட்டுப் போன சாமான். நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்று ஓவனைக் காட்டிச் சொல்லிவிட்டாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தவன் என் மகன். இங்கிலீஷில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னான். எங்களுக்கு அது சீஸ் கிழங்கு என்றே ஆகிவிட்டது. கிழங்கை மெல்லிசாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து வடித்துவிட வேண்டும். வெண்ணெயில் பூண்டைப் பொடியாக அரிந்து போட்டு, இரண்டு கரண்டி மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். அதில் மிளகுத்தூளும் துருவிய சீஸில் பாதியும். தட்டில் ஒரு வரிசை கிழங்கு, அதன்மேல் இந்தக் கலவை, மறுபடி கிழங்கு. மீதி சீஸை மேலே தூவி ஓவனில் வைத்தால் பொன்னிறமாகப் பொரிந்து வரும். இன்று இதை இவ்வளவு கோவையாகச் சொல்கிறேன். அவன் செய்த நாட்களில் ஒரு தடவைகூட அடுப்படி வாசலில் நின்று பார்த்ததில்லை.

அவன் மஸ்கட்டில் ஒரு பெரிய ஓட்டலில் பத்து வருஷமாகச் சமையல்காரனாக இருக்கிறான். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஊரில் நான் சொல்லிவைத்தது வேறு. தஞ்சாவூரில் அவன் படித்தது ஓட்டல் மேனேஜ்மென்ட். அது எனக்கு வசதியாகப் போயிற்று. "ஓட்டல்ல மேனேஜரா இருக்கான்" என்று டீக்கடையில் ஆரம்பித்தேன். உரக்கடையில் சொன்னேன், வங்கியில் சொன்னேன், கல்யாண வீடுகளில் யாரும் கேட்காமலேயே சொன்னேன்.

ஒரு வேலி நிலம் வைத்திருப்பவன் மகன் கரண்டி பிடிக்கிறான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சமையல்காரர்களை யாரும் வாசலில் நின்று வரவேற்பதில்லை. கொல்லையில் கோட்டை அடுப்பு வெட்டிக் கொடுத்து, கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு மிச்சம் இருப்பதைச் சாப்பிடச் சொல்வோம். உப்புக் கரித்தால் எல்லோருக்கும் முன்னால் வைத்துக் கேட்போம். என் தங்கை கல்யாணத்தில் நானே அப்படிக் கத்தியவன். அந்த ஆள் நின்ற இடத்தில் என் மகனை நிறுத்திப் பார்க்க என்னால் முடியவில்லை.

எட்டாவது வருஷம் நீண்ட லீவில் வந்தபோதுதான் அந்த ஓவனை வாங்கிவந்தான். எங்கள் தெருவுக்கும் வயல் மோட்டார்களுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். சாயங்காலம் எல்லாரும் மோட்டாரைப் போட்டால் வீட்டு விளக்குகள் மங்கி, ஓவன் கம்பி சிவக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதனால் நாலு மணிக்கே ஆரம்பித்துவிடுவான். முதல் நாள் தட்டில் வைத்தபோது, "என்னடா இது, கிழங்குக்குக் கம்பளி போத்திவிட்டிருக்க?" என்றேன். அவனும் அவன் அம்மாவும் சிரித்தார்கள். நான் அதை ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டேன்.

"அங்க இதைக் கறிக்குப் பக்கத்துல வெப்போம்ப்பா. ரசத்துக்குத் தொட்டுக்கிட்ட மொத ஆளு நீங்கதான்" என்றான்.

மூன்று முறை வாங்கிப் போட்டுக்கொண்டேன். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. குறை சொல்லாமல் சாப்பிட்டாலே பாராட்டுத்தான் என்று நினைக்கிற ஆண்கள் நிறைந்த குடும்பம் எங்களுடையது. அவன் என் தட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக எழுந்து போவான். அந்தக் கோடையில் வாரம் ஒரு நாளாவது சீஸ் கிழங்கு இருந்தது. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்கள் வீட்டில் அதற்கு முன் அந்தப் பழக்கம் இல்லை.

ஒரு நாள் அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "கும்பகோணத்துல ஒரு இடம் பார்த்திருக்கேம்ப்பா" என்றான். "சின்னக் கடைதான், சாயங்காலம் மட்டும். இந்த மாதிரி அயிட்டம் அங்க யாரும் சரியாப் போடல. திரும்பப் போகாம இங்கயே இருந்துடலாம்னு பார்க்கறேன்."

"அங்க மேனேஜரா இருந்துட்டு இங்க வந்து கரண்டி புடிக்கப் போறியா?"

வாய் தவறி வந்ததல்ல. சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகிவிட்டிருந்தது.

"நான் என்னைக்குப்பா மேனேஜரா இருந்தேன்?" என்று நிதானமாகக் கேட்டான். அவனே தொடர்ந்தான். "மறைச்சு மறைச்சு என்னால கடை போட முடியாது. நீங்க எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்ங்க. என் பையன் சமையல்காரன்னு நாலு பேர் முன்னாடி உங்க வாயால ஒரு தடவை சொல்லிடுங்க. அது போதும். நான் இங்கயே இருந்துடுவேன்."

"மொதல்ல கல்யாணம் முடியட்டும். அப்பறம் பேசிக்கலாம்" என்றேன். எதையும் தள்ளிப்போட எனக்கு நன்றாகத் தெரியும்.

கல்யாணப் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. பெண் கீழ்வேளூர்ப் பக்கம், பள்ளிக்கூட ஆசிரியை. அவர்களும் நெல் விவசாயம் செய்கிற குடும்பம். நாங்கள் போய்ப் பெண்ணைப் பார்த்தோம், இரண்டு பக்கமும் பிடித்திருந்தது. எங்கள் வழக்கத்தில் சம்பந்தம் உறுதியாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காப்பியோடு எழுந்துவிடுவார்கள். இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்றால் சரி என்று அர்த்தம். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் அப்படிக் கை நனைக்க வருவதாக ஒரு நாள் குறித்தார்கள். சாயங்காலம் வந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டுப் போவதாக ஏற்பாடு.

வடை, பாயசம், அப்பளம் என்று முறையாக இருக்க வேண்டும் என்று நான் விரட்டிக்கொண்டிருந்தேன். மகன், "சீஸ் கிழங்கும் செய்யறேம்ப்பா" என்றான்.

"சம்மந்தி வர்ற அன்னைக்கு அதெல்லாம் எதுக்குடா?"

"அது ஒண்ணுதாம்ப்பா."

சரி என்றேன். குறுவை நாற்றுக்குத் தண்ணீர் பாய்கிற நேரம் அது. என் மோட்டாரை நிறுத்தினேன். பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரிடம் போய், விருந்தாளி வருகிற நேரத்தில் விளக்கு மங்குகிறது என்று சொல்லி அவர்கள் மோட்டாரையும் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொன்னேன். மகனுடைய ஓவனுக்காக என்று சொல்லவில்லை. அன்றைக்கு ஓவன் கம்பி தகதகவென்று சிவந்திருந்தது. அவனுக்காக நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான், அதையும் ஒரு பொய்யோடுதான் செய்தேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். மாப்பிள்ளை பரிமாறக் கூடாது என்று அவனை என் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டேன். பரிமாறியது என் மனைவி. பெண்ணின் அப்பா ஒடிசலான மனிதர், அளந்து பேசுகிறவர். கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வந்து சேரும் என்பதுதான் அதுவரைக்கும் பேச்சு. சாம்பார் முடிந்து ரசத்துக்கு வந்தபோது சீஸ் கிழங்கை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"இது ரொம்ப நல்லாருக்குங்களே. யாரு செஞ்சது?"

பக்கத்தில் மகனுடைய கை இலையிலேயே நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவன் காத்திருப்பது எனக்குத் தெரிந்தது. இதோ நாலு பேர் இருக்கிறார்கள், சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றவும் தோன்றியது. உடனே, கை நனைக்க வந்தவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவது போலவும், ஊர் சிரிப்பது போலவும் மனசு படம் காட்டிவிட்டது.

"கும்பகோணத்துல ஒரு கேட்டரிங் ஆளுங்க. அவர்கிட்டச் சொல்லி வரவழைச்சேன்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "பெரிய பெரிய கல்யாணமெல்லாம் செய்யறவரு. நமக்குத் தெரிஞ்சவருங்கறதால கொஞ்சமா செஞ்சு குடுத்தாரு."

"அப்படிங்களா" என்று அவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அப்போது என் மகன் பேசினான். "ஆமாங்க. நல்ல கை அந்த ஆளுக்கு." குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. அப்பா சொன்ன பொய் விழுந்துவிடாமல் அவன் தாங்கிப் பிடித்தான், அவ்வளவுதான். என் மனைவி கரண்டியோடு நின்றவள் உள்ளே போய்விட்டாள். பாயசத்துக்கு நான் இரண்டு தடவை குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

அவர்கள் கிளம்பிப் போனதும் அவன் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து அந்தத் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுடா" என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

"முடிஞ்சுதுப்பா" என்றான்.

கும்பகோணத்துக் கடை வேண்டாம் என்று மறுவாரமே சொல்லிவிட்டான். கல்யாணம் வரைக்கும் இரண்டு மாதம் வீட்டில் இருந்தும் ஒரு நாள்கூட ஓவனைத் தொடவில்லை. அவன் அம்மா ஒரு தடவை கேட்டதற்கு, "வோல்டேஜ் இல்லம்மா" என்றான். கல்யாணம் சிறப்பாக நடந்தது, மண்டபத்தில் எல்லோரிடமும் மஸ்கட்டில் மேனேஜர் என்றே சொன்னேன். பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு மஸ்கட்டுக்கே திரும்பிப் போனவன் இரண்டு வருஷமாக வரவில்லை.

ஞாயிறுதோறும் போன் பண்ணுகிறான். தண்ணீர் வந்ததா, நாற்று எப்படி இருக்கிறது, அறுவடை மெஷின் கிடைத்ததா என்றெல்லாம் மரியாதையாகக் கேட்கிறான். ஒரு நாளாவது சண்டைக்கு வந்திருந்தால் நானும் கத்திவிட்டு, அழுதுவிட்டு, மன்னிப்புக் கேட்டிருப்பேன். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேச்சை எடுக்க வாய் திறந்து, மழையைப் பற்றிப் பேசி வைத்திருக்கிறேன்.

அப்படி ஒரு போன் முடிந்த அன்றைக்குத்தான் நானே செய்து பார்ப்போம் என்று தோன்றியது. டவுன் பஸ்ஸில் போய்க் கும்பகோணத்தில் சீஸ் வாங்கினேன். வெயிலில் வீடு வந்து சேர்வதற்குள் அது பைக்குள்ளேயே இளகிவிட்டது. முதல் தடவை கிழங்கை வேகவைக்காமல் அடுக்கியதால் மேலே கருகி, உள்ளே நறுக்கென்று கடிபட்டது. அடுத்த தடவை மாவு கட்டி கட்டியாக நின்றது. மனைவியை அவனுக்குப் போன் பண்ணிக் கேட்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"யாரும்மா செய்யப் போறா?" என்றான்.

"வேற யாரு, உங்கப்பாதான்."

அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "பாலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தச் சொல்லும்மா. அடுப்பைச் சிம்முல வெச்சுக்கச் சொல்லு" என்றான். அவ்வளவுதான். என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தக் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ வேலையாகக் கும்பகோணம் வந்த சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். ராத்திரி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக நிறுத்திக்கொண்டேன். சீஸ் கிழங்கை நானே பரிமாறினேன். இலேசாக அடிப்பிடித்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ரசம் சாதத்தோடு சாப்பிட்டார். இனிமேலும் தள்ளிப்போட்டால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"சம்மந்தி, உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். நீங்க கை நனைக்க வந்த அன்னைக்கு நான் பொய் சொன்னேன். கேட்டரிங் ஆளுன்னு யாரும் கெடையாது. செஞ்சது உங்க மாப்பிள்ளைதான். என் பையன் அங்க மேனேஜர் இல்லீங்க, சமையல்காரன்."

அடுப்படியிலிருந்து என் மனைவி வெளியே வந்து நின்றாள். அவர் மட்டும் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "தெரியுங்களே" என்றார்.

"என்னன்னு?"

"பொண்ணு பார்க்க வந்தீங்கல்ல, அன்னைக்கே மாப்பிள்ளை என்னைத் தனியா அழைச்சுக்கிட்டுப் போயி சொல்லிட்டாரு. சமையல் வேலைதான், இங்கயே கடை போடப் போறேன்னாரு. உழைச்சுச் சாப்பிடறதுல என்ன குறைன்னு நானும் சொன்னேன்."

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா அன்னைக்கு யாரு செஞ்சதுன்னு கேட்டீங்க?"

அவர் கை நின்றது. சொல்லலாமா வேண்டாமா என்று என் மனைவியை ஒரு தரம் பார்த்தார். "நானா கேக்கலீங்க, சம்மந்தி. மாப்பிள்ளைதான் கேக்கச் சொன்னாரு. எங்கப்பா தானா ஆரம்பிக்க மாட்டாரு, கூச்சப்படுவாரு, சாப்பிடறப்ப நாலு பேர் முன்னாடி நீங்க கேட்டீங்கன்னா சொல்லிடுவாருன்னாரு. ஒருவேளை சொல்லலைன்னான்னு கேட்டேன். இல்லங்க, எங்கப்பா நிச்சயமாச் சொல்லுவாருன்னு சிரிச்சாரு."

என் மகன் என்னை அவ்வளவு நம்பியிருந்தான்.